மாரியாயி அளந்த நாலு நாள்

குன்னூருக்குக் கீழே அந்த எஸ்டேட்டில் தொழிலாளர்களின் பதினாலு லைன் வீடுகள். வீடுகளுக்கு மேலே, தேயிலைச் சரிவில், ஒரு விரிசல். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஓர் இரும்புக் கம்பி, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே தினமும் டேப் பிடித்து அளந்து அனுப்புவது தேவியின் வேலை. இதற்கா இரண்டு நாடுகள் ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இங்கேயும் இலங்கையில் பதுளைப் பக்கமும் ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி சரிவு. இங்கே எவ்வளவு மழைக்கு மண் நகர்கிறது என்று பார்த்துத்தான் அங்கே சனங்களை எப்போது வெளியேற்றுவது என்று முடிவெடுப்பார்கள். அங்கே நகர்ந்தால் இங்கே எச்சரிக்கை. ஆராய்ச்சி என்றால் அவ்வளவுதான், ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

அந்த வாரம் இலங்கையிலிருந்து குழு வருவதாக இருந்தது. கூட்ட ஏற்பாட்டுக்காக தேவியை நாலு நாள் ஊட்டிக்கு அழைத்துக்கொண்டார்கள். பேனரில் யார் பெயர் முதலில் வருவது என்பதிலேயே ஒரு நாள் போனது. இருக்கும் அளவு ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் என்று சொல்லிவைத்து, அளக்கும் வேலையை அவள் அம்மா மாரியாயியிடம் விட்டுவந்திருந்தாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள், எண்ணில் தப்பு வராது. தினமும் காலையில் போனில் சொல்வாள்: "ஆயிரத்து இருநூறு, கண்ணு." தேவி அதை அப்படியே பதுளைக்கும் அனுப்பினாள். மழை கொட்டியது, எண் அசையவில்லை. தேவிக்குப் பெருமை தாங்கவில்லை. மழைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த லைன் சனங்களிடம் வீட்டுக்குப் போகலாம் என்று புதன்கிழமை அவளேதான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை ஊர் திரும்பியவள் நேரே சரிவுக்கு ஏறினாள். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை. விரிசல் முழுக்கச் செம்மண்ணை அப்பி மெழுகியிருந்தது. கம்பிகள் நிமிர்ந்து நின்றன. மேனேஜர் துரை விசிட்டிங் வந்தால் எஸ்டேட்டில் செடியைக்கூடத் துடைத்து வைப்பார்கள், அதே மாதிரிக் கைவேலை. தேவி குனிந்தாள். மெழுகிய மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மாரியாயி பின்னாலேயே வந்திருந்தாள்.

"ஏம்மா, கம்பியத் தொட்டியா?"

"தொடாமயா? தெனமும் தள்ளித் தள்ளிப் போயிருந்துச்சு. மாடு இடிச்சிருக்கும்னு புடுங்கி, நீ சொன்ன அளவுக்கே அடிச்சு வெச்சேன். பெரிய ஆளுங்க வர்றப்ப உன் கணக்கு தப்பாயிருக்கக் கூடாதில்ல?"

"எவ்வளவு தள்ளிப் போச்சு?"

"மொத நாள் ஒரு வெரக்கட அகலம். நேத்து நாலு இருக்கும்."

தேவி ஓடினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். முதல் வீட்டு முத்துராஜ் அடுப்பில் உலை வைத்திருந்தார்.

"நேத்து ஊட்டுக்குப் போங்கன்னது நீங்கதானுங்க," என்றார்.

"ஆமாங்க. தப்பாச் சொல்லிட்டேன். உலைய உட்டுட்டுக் கெளம்புங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, நனைந்த பாயும் பையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். பதினாலு வீடும் காலி என்று இரண்டு முறை தலையெண்ணிப் பார்த்த பிறகுதான் தேவிக்கு மூச்சு வந்தது. ஆபீசுக்குத் தகவல் சொன்னாள். உடனே பதுளையில் இதே ஆராய்ச்சியில் வேலை செய்யும் தர்ஷினியைக் கூப்பிட்டாள்.

"தர்ஷினி, நான் அனுப்புன நாலு நாள் அளவும் பொய். கம்பிய நகர்த்தி வெச்சிருக்காங்க. இங்க மண்ணு எறங்குது."

அந்தப் பக்கம் தாள்கள் அவசரமாகப் புரளும் சத்தம் கேட்டது.

"அந்த அளவைப் பார்த்துத்தான் தேவி, நேத்துப் பின்னேரம் சனங்கள் தங்கியிருந்த முகாமை மூடினோம். நாப்பத்தொரு குடும்பமும் லய வீடுகளுக்குப் போயிட்டாங்க."

"அங்க மழை?"

"விடியக்காலையிலேயே பிடிச்சது. இன்னும் விடேல்ல."

தர்ஷினி போனை அணைக்காமலே ஓடினாள் போலிருக்கிறது. யார் யார் பெயரையோ சொல்லிக் கத்துவதும், தகரத்தில் மழை அடிப்பதும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்தது.

மாரியாயி பள்ளிக்கூட வாசலில் ஈரத்தோடு நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு சொல்றாங்க? நாலு நாளும் ஒரு மில்லிகூடப் பிசகாமத்தான வெச்சேன்?"