ஏழாவது நட்டு

அண்ணன் ராதிசாவ் இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியும் திஹோமிருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. நாற்பதாம் நாள் கல்லறையில் வேகவைத்த கோதுமையை எல்லோரோடும் சேர்ந்து ஒரு கரண்டி சாப்பிட்டு, மண்ணில் ஒரு வாய் பிளம் பிராந்தியை ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துப் பார்த்தார். தும்மல்தான் வந்தது. கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கி எழுந்தால் அது வேறு யாருடைய கையோ மாதிரி கிடக்குமே, அந்த மாதிரி கிடந்தது அவர் நெஞ்சு. கிள்ளிப் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக்காரனைக் கிள்ளியதுபோல்தான் இருந்தது.

இதற்கு நடுவில் அண்ணி மிலுங்கா போன் செய்தாள்.

"தீகா, உங்க அண்ணன் கார்ல இருக்கிறது உன்னோட எஞ்சினாமே? வண்டிப் புத்தகத்துல ஒரு நம்பர், எஞ்சின்ல வேற நம்பர். வருஷாந்தர வண்டி சோதனைக்காரப் பொண்ணு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இது திருட்டு எஞ்சினான்னு கேக்கறா. நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் குடுத்த என்னைப் பாத்து!"

"திருட்டு இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணி?"

"சொன்னேனே. திருடன் எங்க கொழுந்தன்தான்மா, ஆனா எடுத்துட்டுப் போனது நல்லதை, விட்டுட்டுப் போனதுதான் இதுன்னு சொன்னேன். சனிக்கிழமை வந்து மாத்திக் குடு. எனக்கு கார் வேணும். முப்பது வருஷமா ஸ்டீயரிங்கைத் தொட விடலை உங்க அண்ணன். இனிமே யார் தடுக்கறான்னு பாக்கறேன்."

போனை வைத்த பிறகும் திஹோமிர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி எப்போதும் இப்படித்தான் பேசுவாள். அது வெறும் கேலிதானா, இல்லை, அவளுக்குத் தெரியுமா?

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி ஃபிச்சா கார் இருந்தது. அண்ணனுடையது தயிர் நிறம், தம்பியுடையது சிவப்பு. பின்பக்கம் எஞ்சின். நான்கு சிலிண்டர், எழுநூற்று அறுபத்தேழு சி.சி., இருபத்தைந்து குதிரைச் சக்தி என்று காகிதம் சொல்லும். அதில் ஏழெட்டுக் குதிரைகள் எப்போதும் விடுப்பில் இருக்கும். மேடு வந்தால் மீதிக் குதிரைகளுக்கும் காய்ச்சல் வந்துவிடும். அதனால் ஜூலை மாதத்தில் பின்மூடியைக் கட்டைக்கோல் கொடுத்துத் திறந்து வைத்து, உள்ளே ஹீட்டரையும் முழுசாகப் போட்டுக்கொண்டு, எஞ்சினின் சூட்டைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, வியர்த்து வழிய மலை ஏறுவார்கள் ஊர்க்காரர்கள். கடலுக்குப் போய்ச் சேரும்போது குடும்பமே அவித்த உருளைக்கிழங்காக இறங்கும். தண்ணீர் பம்ப் ஒழுகும், பாயிண்ட் கருகும். அதெல்லாம் சில்லறை வியாதி. கொல்லும் வியாதி ஒன்றுதான்: சூடாகிச் சூடாகி, எஞ்சினுக்கும் அதன் தலையான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வெடிப்பது.

எண்பத்தேழு ஜூலையில் திஹோமிர் கேஸ்கெட் மாற்றினார். ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, ஒரு வரிசையில், ஒரே அளவு இறுக்க வேண்டும். அதற்கு, சரியான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வேண்டும். அது அண்ணனிடம் இருந்தது. போய்க் கேட்டால் 'இன்னுமா ஒண்ணு வாங்கல?' என்பார் என்று, கேட்காமல் கைக்கணக்கில் இறுக்கினார் திஹோமிர். ஏழாவது நட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். நட்டைத் தாங்கும் போல்ட் பாதியில் முறிந்துவிட்டது. அடிப்பாதி இரும்புக்குள்ளேயே நின்றுவிட்டது. மேல்பாதியை உலோகப் பசை போட்டு ஒட்டி, நட்டைப் பொருத்தி, எண்ணெய் தடவி, ஒன்றுமே நடக்காதது மாதிரி மூடிவிட்டார்.

மறுநாளே அண்ணனிடம் போனார். "நீ தினமும் சமதரையில ஆபீஸ் போயிட்டு வர்றே. நான் மலைக்கு மேல போறேன். உன்னோடது இளசு. எஞ்சினை மாத்திக்கலாமா?" என்றார். ராதிசாவ் ஒரு நிமிடம் தம்பியைப் பார்த்தார். "சரி, ஞாயித்துக்கிழமை வா" என்றார். அவ்வளவுதான். ஒரு பழைய கதவைத் தரையில் போட்டு, அதன்மேல் எஞ்சினை இழுத்து, ஒரே நாளில் மாற்றினார்கள். நம்பரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வண்டி சோதனை நிலையத்தில் இருந்த குவோஸ்தென், 'ரெண்டும் ஒரே வீட்டுச் சாமான்தானே' என்று வருஷா வருஷம் முத்திரை குத்தினான். இந்த வருஷம் அவன் ஓய்வு பெற்றுவிட்டான்.

அடுத்த இருபத்து நாலு வருஷம் அண்ணன் வீட்டில் சாப்பாடு, தம்பி வீட்டில் பிராந்தி என்று போனது. பிறகு இரண்டாயிரத்துப் பதினொன்றில், இரண்டு வீட்டுக்கும் நடுவேலிக்கு மேல் வந்த அண்ணனின் பிளம் கிளையைத் திஹோமிர் வெட்டிவிட்டார். அன்றோடு ராதிசாவ் பேச்சை நிறுத்தினார். யார் முதலில் பேசுவது என்று பதினோரு வருஷம் காத்திருந்தார்கள். அதில் ராதிசாவ் ஜெயித்துவிட்டார்.

ஒரு கிளைக்காகப் பதினோரு வருஷமா? திஹோமிரால் நம்ப முடியவில்லை. அண்ணன் அந்த வருஷம்தான் எஞ்சினைத் திறந்திருக்க வேண்டும். ஒட்டிய போல்ட் கையோடு வந்திருக்க வேண்டும். கிளை ஒரு சாக்கு. தம்பி ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே அவர் செத்துப்போயிருக்க வேண்டும். சனிக்கிழமை எஞ்சினின் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை சிவப்பு ஃபிச்சாவை அண்ணன் வீட்டு முற்றத்தில் கொண்டு நிறுத்தினார். அதே பழைய கதவு வாதுமை மரத்தடியில் தயாராகக் கிடந்தது. கிளையில் சங்கிலிக் கப்பியும் தொங்கியது.

"குளிருது அண்ணி, உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துப்பே. உன்னை யார் பாத்துக்கறது?" மிலுங்கா பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் காபி. "ஆகட்டும், ஆகட்டும். என் காருக்கு என் எஞ்சினைப் போடு முதல்ல."

பாதி நாள் அதிலேயே போனது. பிறகு தயிர் நிறக் காரிலிருந்து கழற்றிய தன் பழைய எஞ்சினைக் கதவின்மேல் வைத்துக்கொண்டு மண்டியிட்டார். வால்வு மூடியின் நட்டுகளைக் கழற்றினார். அண்ணி எட்டிப் பார்க்காதபடி முதுகை அகலமாக வைத்துக்கொண்டார். அவருக்குத் தொப்பை அகலம், முதுகு அவ்வளவு இல்லை.

மூடி வந்தது. ஏழாவது நட்டு மற்ற நட்டுகளைப் போலவே இருந்தது. ஸ்பேனரைப் போட்டு அசைத்தார். அசையவில்லை. அது ஒட்டிய போல்ட் இல்லை. முழுப் போல்ட்.

மூடியைத் திருப்பினார். தகரத்தின் உட்பக்கம் அண்ணனின் எழுத்து, ஆணியால் கீறியது. எண்ணெய்க்கு அடியில் வரிவரியாக இருந்தது. கட்டைவிரலால் துடைத்தார். முதல் வரி:

'87 ஆகஸ்ட். ஏழாவது போல்ட் புதுசு. கேஸ்கெட். (தீகாவின் கைவேலை.)'

எஞ்சினை மாற்றி ஒரே மாதம். அதற்குக் கீழே வருஷத்துக்கு ஒரு வரி: 'வால்வு 0.15. சரி.' 'பம்ப் புதுசு.' 'வால்வு. சரி.' இரண்டாயிரத்துப் பதினொன்றிலும் அதேதான்: 'வால்வு. சரி.' அதற்குப் பிறகும் பத்து வரி.

"படிச்சு முடிச்சாச்சா?" என்றாள் மிலுங்கா பின்னாலிருந்து.

"உங்களுக்குத் தெரியுமா?"

"டார்ச் பிடிச்சது யாருன்னு நினைக்கறே? ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போச்சு. அந்த முறிஞ்ச துண்டை டிரில் போட்டு எடுக்க மூணு மணி நேரம். எனக்குக் கை வலி."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? சிரிச்சாரு. அந்தப் பசையைப் பாத்துட்டு சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துடுச்சு. அப்புறம், 'அவன்கிட்ட சொல்லிடாதே மிலுங்கா, அப்புறம் டார்க் ரெஞ்ச் கேக்க வெக்கப்படுவான்'னாரு."

திஹோமிர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"நீதான் கடைசிவரைக்கும் கேக்கவே இல்லை" என்றாள்.

"அப்ப, பேசாம இருந்தது... அந்த பிளம் கிளைக்காகவா?"

"பின்ன? நீ வெட்டினது அவரோட நல்ல கிளையை. முதல் பழம் வர்ற கிளை. அதுக்கு நிஜமாவே கோவம் அவருக்கு. மடையனுங்க. ரெண்டு பேரும்."

திஹோமிர் சிரிக்கலாமா என்று யோசித்தார். அழலாமா என்றும் யோசித்துப் பார்த்தார். இரண்டும் எங்கோ தூரத்தில், வேறு யாருடைய முற்றத்திலோ நடப்பதுபோல் இருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்த டார்க் ரெஞ்ச் இருக்கா அண்ணி?"

மிலுங்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "இன்னுமா ஒண்ணு வாங்கல?" என்றாள்.

நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. இருந்தாலும் நடுவிலிருந்து வெளியே, வரிசையாக, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஏழாவது கிளிக் என்றது. வால்வு இடைவெளியைப் பார்த்தார். பூஜ்யம் புள்ளி பதினைந்து. ஆணி எடுத்து, கடைசி வரிக்குக் கீழே இந்த வருஷத்தைக் கீறி, 'சரி' என்று எழுதி மூடினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எஞ்சின் சிவப்புக் காரில் ஏறியது. மூன்றாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. தடதடவென்று, தையல் மெஷின் மாதிரி. கேஸ்கெட் கசிகிறதா என்று பார்க்க ஹெட்டின் ஓரத்தில், ஏழாவது நட்டு இருக்கும் பக்கம், உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. கையை எடுக்காமல் காத்திருந்தார். அண்ணன் இப்படித்தான் செய்வார், கையை வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். திஹோமிரும் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டிய இடத்தில் புதுக் கிளை ஒன்று கட்டைவிரல் கனத்துக்கு வளர்ந்திருந்தது.

"போதும், கையை எடு" என்றாள் மிலுங்கா.

"இன்னும் சூடே ஏறலை அண்ணி."

"புகை வருது பாருடா, மடையா!"

அவளே மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை தக்காளியாகச் சிவந்திருந்தது. அதை யாருடைய கையோ என்று பார்த்தார் திஹோமிர். முற்றத்துக் குழாய்க்கு இழுத்துப்போய், தண்ணீரைத் திறந்து, கையை அதற்கடியில் பிடித்து வைத்துக்கொண்டாள் அண்ணி. விடவில்லை. திட்டிக்கொண்டே இருந்தாள், அவரை, அவர் அண்ணனை, அந்தப் பசை செய்தவனை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எரிய ஆரம்பித்தது.