பட்டிக்குப் பதில்

டிங்கருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. கார்களுக்கு ஒடுக்கெடுக்கும் அந்தப் பட்டறையில் அது யாருக்கும் ஞாபகமில்லை. எல்லார் வாயிலும் அவன் 'பட்டி'தான்.

பேர் வைத்த புண்ணியவான் பெயிண்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒடுங்கிப்போன கார்க் கதவு ஒன்றை ஒழுங்காகத் தட்டி நிமிர்த்தாமல், பள்ளத்தில் பட்டி என்கிற பூச்சுப் பசையை அப்பி, தேய்த்து, மழமழவென்று ஆக்கி வைத்திருந்தான் டிங்கர். வண்டிக்காரர் வந்து கதவை ஓங்கிச் சாத்தினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. பெயிண்டர் ஓடி வந்து அந்தச் சில்லைப் பொறுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"பயப்படாதீங்க சார். பால் பல்லுதான். திரும்ப முளைச்சுடும்."

கோபத்தோடு வந்த வண்டிக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு ஒட்டிய பேர் மட்டும் பெயரவே இல்லை.

"அவன் சிரிக்க வச்சதாலதான்யா நீ தப்பிச்ச. இல்லேன்னா அப்பவே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்று முதலாளி ஒருமுறை சொன்னார். டிங்கர் தலையாட்டினான். காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவன் காதில் அந்தச் சிரிப்பு மட்டும் குறையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பேர் அவனுக்கு முன்னால் வீட்டுக்கும் போய்விட்டது. மச்சான் ஒருநாள் அவனைத் தேடிப் பட்டறைக்கு வந்து பேரைச் சொல்லிக் கேட்க, எல்லோரும் முழித்தார்களாம். அப்புறம் ஒருத்தன், "ஓ, நம்ம பட்டியா!" என்றானாம். மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அன்றிலிருந்து சண்டை வந்தால் மனைவி, "இப்படிப் பட்டி போட்டு மூடாதீங்க" என்பாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பெயிண்டருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் புரிந்திருக்காது. காலையில் வந்ததும், "பட்டிண்ணே, இன்னைக்கு எத்தனை பல்லு கட்டப் போறே?" என்பான். டிங்கர் சுத்தியலை எடுப்பான். அடிக்கிற அடியெல்லாம் யார் மேல் விழுகிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பத்துப் பேர் பார்க்க, அந்தப் பெயிண்டர் தலையைத் தொங்கப்போட்டு நிற்க வேண்டும்.

நாள் வந்தது. வாடகைக் கார் நிறுவனத்து ஆள் ஒருவர் வேலையைப் பார்க்க வந்திருந்தார். பிடித்துப்போனால் அவர்களுடைய வண்டியெல்லாம் இங்கேதான் வரும். முதலாளி ஒரு கறுப்புக் காரை நிறுத்தி, அவர் கண்ணெதிரே அடித்துக் காட்டச் சொன்னார். பெயிண்ட் அடிக்குமுன் கடைசியாக ஒருமுறை பெயிண்டர் துணியால் துடைப்பான். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றும் சிலிக்கான் எண்ணெயில் நாலு சொட்டு அந்தத் துணியில் விட்டு, முன்போலவே மடித்து வைத்துவிட்டான் டிங்கர்.

பெயிண்டர் பாட்டை முணுமுணுத்தபடி துடைத்தான். முணுமுணுப்பு நிற்காமலே பெயிண்ட் அடித்தான். பானெட்டின் மேல் பெயிண்ட் ஒரு நொடி படிந்து நின்றது. பிறகு எண்ணெய் பட்ட இடமெல்லாம் விலகி ஓடி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. பானெட் முழுக்கக் கண்கள்.

முதலாளி முகம் செத்துப்போனது. டிங்கர் ஓர் அடி முன்னால் வந்தான். பெயிண்டர் இப்போது தலை குனிவான், இப்போது குனிவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

பெயிண்டர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தான்.

"யப்பா! என்ன முறை முறைக்குது! சார், இனிமே உங்க வண்டி மேல எவன் கண்ணும் படாது. இதுக்கே இத்தனை கண்ணு இருக்கு."

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். பெயிண்டர் அதை வழித்து, கழுவி, வேறு துணியால் துடைத்து, மறுபடி அடித்தான். முகம் பார்க்கலாம்போல் வந்தது. அந்த நிறுவனத்து வேலையும் கைக்கு வந்தது. மறுநாள் பட்டறை பெயிண்டரை 'மீனு' என்று கூப்பிட்டது.

"யோவ் மீனு!"

"என்ன, வலை கொண்டாந்திருக்கியா?"

அந்தப் பேரை ஒரு பரிசுபோல அவன் வாங்கிக்கொண்டான்.

டிங்கருக்குச் சோறு இறங்கவில்லை. துணியில் எண்ணெய் விட்டது தவிர மற்றதை மனைவியிடம் கொட்டினான். "மானம் ரோஷம் எதுவும் இல்லாத ஜென்மம்டி அது."

"அவர் சுபாவம் அது. உங்களுக்கு வலிக்கிற இடத்துல அவருக்கு ஒண்ணுமே இல்லை." அவள் தட்டை எடுத்தாள். "அவருக்கு வலிக்கிறது வேற இடம். அன்னைக்கு உங்களைத் தேடி நம்ம வீட்டுக்கு வந்தாரே, எனக்குப் பல்வலின்னு நான் உம்முனு இருந்தேன். மூணு ஜோக்கு சொன்னாரு. நான் சிரிக்கலை. நாலாவது பாதியிலயே நின்னுபோச்சு. முகம் எப்படி ஆயிடுச்சு தெரியுமா? காப்பியைக்கூட முடிக்காம ஓடிட்டாரு, பாவம்."

டிங்கர் கையைக் கழுவ மறந்து உட்கார்ந்திருந்தான். இத்தனை காலமும் தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த அவமானத்தை அல்லவா பெயிண்டருக்கு மாட்டப் பார்த்திருக்கிறான்!

வாடகைக் கார்களுக்காக முதலாளி ஊருக்கு வெளியே தனிக் கொட்டகை போட்டார். ஒரு டிங்கர், ஒரு பெயிண்டர் போதும் என்றார்.

"நான் போறேன். பெயிண்டரையும் அனுப்புங்க" என்றான் டிங்கர்.

"அவனையா? உனக்கும் அவனுக்கும் ஆகாதேய்யா!"

"வேலை சுத்தமா செய்வான்."

முதல் நாள் பெயிண்டர் குதித்துக்கொண்டு வந்தான். "பட்டியும் மீனும் தனிக்குடித்தனம்! வலது காலை எடுத்து வைண்ணே!"

டிங்கர் அவனைப் பார்த்தான். முறைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. காலியான சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். கேட்டதற்கு 'ம்', 'இல்லை'. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பேசாமல் இருப்பது அவனுக்குச் சிரமமே இல்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

பெயிண்டர் விடவில்லை. குரங்கு சேஷ்டை செய்தான். முதலாளி மாதிரி நடந்து காட்டினான். தகரக் கூரையில் அவன் சிரிப்பு மட்டும் மோதித் திரும்பி வந்தது. நாள் போகப் போக ஜோக் சொன்னதும் டிங்கர் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு பாட்டு நின்றது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தான். பெயிண்ட் ஒருநாள் ஒழுகியது, யாரும் எண்ணெய் விடாமலே.

ஒரு மத்தியானம் வந்து எதிரே உட்கார்ந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? திட்டிடு. நாலு அடி கூட அடி. இப்படி இருக்காதண்ணே, பைத்தியம் புடிச்சுடும் போல இருக்கு."

டிங்கர் மட்கார்டைத் திருப்பி வைத்தான்.

எங்கிருந்து தோண்டி எடுத்தானோ, பெயிண்டர் டிங்கரின் சொந்தப் பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டான். கூட ஓர் 'அண்ணே' சேர்த்து.

எத்தனையோ காலம் கழித்து அந்தப் பேர் ஒரு பட்டறைக்குள் கேட்டது. டிங்கரின் கை அந்தரத்தில் நின்றது. இனிக்கிறதா என்று பார்த்தான். இனித்தது. பேரைச் சொன்னவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தான். கூப்பிட்டான்.

டிங்கர் சுத்தியலை ஓங்கினான். தகரத்தில் விழுந்த அடியின் சத்தத்தில் மூன்றாவது தடவை கூப்பிட்டது கேட்கவில்லை.