மதியானப் பிள்ளைகள்

என் மகள் சைதாவை மதியானப் பள்ளிக்கு மாற்றியபோது நான் அல்ஹம்துலில்லாஹ் என்று கையேந்திச் சொன்னேன். கேட்டீர்களா கூத்தை! தாய்க்காரி சந்தோஷப்பட்டாளாம்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். பள்ளி திறந்தபோது ரமலான் நடந்துகொண்டிருந்தது. கிராமத்துப் பள்ளிகளுக்கெல்லாம் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் படிப்பு. பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மதியத்துக்கு மேல். மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்க்க வேண்டுமாம். பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக்காரர் அமீருதீனுக்குக் காய்ந்த இறால் வியாபாரம். மூட்டை கட்டிக் கால்வாய்ப் படகில் பட்டணம் கொண்டுபோவார். ஒன்பது வயதுப் பெண் அதில் என்னத்தைப் பார்த்துக் கிழிப்பாள்?

சைதா அந்த வருஷம்தான் முதல் நோன்பு பிடித்தாள். விடிவதற்கு முன்பே ஸஹருக்கு எழுந்து சாப்பிட்ட பிள்ளை, காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் பள்ளிக்குப் போவாள். அப்படியிருக்கையில் ஒருநாள் வந்து, "உம்மா, நாளைலேர்ந்து மதியானம் வந்தா போதும்னு சார் சொல்ட்டாரு" என்றாள். பிள்ளை காலையில் தூங்கலாமே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. புது ஹெட்மாஸ்டர் அரசப்பன் திருப்பாச்சூர்க்காரர். நெல்லு விளைகிற ஊரிலிருந்து வந்தவருக்கு நம் நோன்பின் அருமை தெரிந்திருக்கிறதே என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

பெருநாள் போய், ஆடிக் காற்றும் அடிக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளை மதியானம்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் செண்பகம் இறால் உரிக்க வந்தாள். அவள் பையனும் சைதாவோடு நாலாவது படிக்கிறவன்.

"உன் பொண்ணு நல்லாதானே படிச்சிக்கினு இருந்துச்சு. இன்னாக்கா ஆச்சு அதுக்கு?" என்றாள்.

"இன்னா ஆச்சு?"

"மக்குப் புள்ளைங்களோட மதியானத்துல போட்டு வெச்சிக்கீறாரே. தெர்யாதா உனுக்கு? கேள்வி கேட்டு, பதில் சொன்னதுங்க காலைல, சொல்லாததுங்க மதியானம்னு பிரிச்சாரே ஹெட்மாஸ்டரு."

என் கையிலிருந்த இறால் கீழே விழுந்துவிட்டது. என் பிள்ளையா? என் சைதாவா? வாய்ப்பாட்டைத் தண்ணீராக ஒப்பிக்கிறவள், படகுக்காரர் கொண்டுவரும் அவள் வாப்பாவின் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டுகிறவள், அவளா மக்கு?

சைதாவை இழுத்து முன்னால் நிறுத்தினேன். "சார் கேள்வி கேட்டப்போ இன்னாடி பண்ணே?"

தரையைப் பார்த்தபடியே சொன்னாள். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று தெருப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லையடி என்று நான் அப்போதே எத்தனையோ சொன்னேன், கேட்டால்தானே! வாய் நிறைய எச்சிலை அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அரசப்பன் சார் எழுப்பிக் கேள்வி கேட்டிருக்கிறார். வாயைத் திறந்தால் ஒழுகிவிடும். சும்மா நின்றிருக்கிறாள். அடுத்த கேள்வி. அதற்கும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மூன்றாவதற்கு வெளியே ஓடித் துப்பிவிட்டு வருவதற்குள், அவர் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது. இவ்வளவுதானா விஷயம், போய்ச் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அதற்குள் பட்டணத்திலிருந்து திரும்பிய இவர் காதில் படகுக்காரர்கள் ஓதிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக, "மக்குப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு இஸ்கூலு? நிறுத்திடு. ஊட்ல குந்திக்கினு இறால் உரிக்கட்டும்" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எயுத்து தெரியாம உங்க கடுதாசிய வெச்சிக்கினு முயிச்சிக்கினு இருந்தது போதாதா? இவளும் அப்டியே இருக்கணுமா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சரி. அந்த வாத்தியாரு இவள காலைக்கு மாத்திட்டார்னா போவட்டும். இல்லாங்காட்டி நாளையோட நிறுத்தம். இத்தோட பேஜாரு வாணாம்" என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கூடவே வந்தவள் வாசல் வந்ததும் கையை விடுவித்துக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். மதியானப் பிள்ளைகளுக்கு அங்கேதான் வகுப்பு. வெயில் சல்லடையாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையில் என்ன எழுதிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? அ, ஆ. எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனாலும் அந்த இரண்டும் எனக்கே தெரியும்.

"இன்னா சார் இது அநியாயம்!" என்று வாசற்படியிலிருந்தே கத்திவிட்டேன்.

உள்ளே நாற்காலியில் இருந்த அரசப்பன் சார் பதறி எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அமைதியாகப் பேசினார். "மூணு மணி நேரத்துல எல்லாரையும் ஒண்ணா இழுத்துக்கினு போவ முடியலம்மா. ஓட்றவன் ஓடட்டும், நடக்கிறவன் நடக்கட்டும்னு பிரிச்சேன். மெதுவாப் படிக்கிற பசங்களுக்கு அடியிலேர்ந்து சொல்லித்தர்றேன். அவங்க நல்லதுக்குத்தான்."

நான் எச்சில் கதையைச் சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா அந்தப் பொண்ணு!"

"வாயத் தொறந்தாதானே சார் சொல்லுவா!"

அவர் தலையைச் சொறிந்தார். "நோன்பு இருந்த பசங்க இன்னும் ரெண்டு மூணு பேரு அங்க கீறாங்களே" என்று தனக்குள் முணுமுணுத்தார். பிறகு, "கூப்புடுங்கம்மா. இப்பவே கேட்டுர்றேன். சொல்லிட்டான்னா நாளைக்கே காலைக்கு வரட்டும்" என்றார்.

சைதா உள்ளே வந்து நின்றாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன். எனக்குப் பயமில்லை. காலையில்தான் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்திருந்தாள்.

"பன்னெண்டெட்டு எவ்ளோ சைதா?" என்று கேட்டார், குழைவாக.

சைதா பேசவில்லை.

"சரி. அஞ்செட்டு?"

பேசவில்லை. கன்னம் உப்பியிருக்கவில்லை, வாயில் ஒன்றும் இல்லை. உதடு லேசாகத் திறந்தே இருந்தது.

"பத்தும் பத்தும்?"

"தெரியாது சார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, காலைல மளமளன்னு சொன்னியேடி!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது, பயந்த முகமும் இல்லை. எனக்கு ஒரு சாதாரண விஷயத்தை விளக்குகிறவள் மாதிரி, "அது ஊட்ல உம்மா. இங்க நான் மதியானப் புள்ள" என்றாள்.

அரசப்பன் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஒருநாளும் இந்தப் பசங்கள மக்குன்னு சொன்னதில்லம்மா. சத்தியமாச் சொன்னதில்ல" என்றார். திட்டுவதற்காக வீட்டிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"பதில் சொல்லாட்டியும் பரவால்ல. நாளைலேர்ந்து காலைக்கே வா பாப்பா" என்றார் அவசரமாக.

"வாணாம் சார். அவங்கள்லாம் நல்லாப் படிக்கிறவங்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மரத்தடிக்குப் போய்விட்டாள். "சைதா, வாடி இங்க!" என்று கூப்பிட்டேன். தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. பலப்பத்தை எடுத்து அ எழுதினாள். அடுத்த எழுத்துக்குச் சற்று யோசித்தாள். பிறகு பக்கத்துப் பையனின் பலகையை எட்டிப் பார்த்து, அவன் எழுதியிருந்த ஆவைப் பார்த்து எழுதினாள்.