லேடியின் குட்டி

பாபு கழுத்தைக் கொடுத்துவிட்டு நின்றது. குழாய் வழியே ரத்தம் கீழே இருந்த பைக்குள் இறங்கிக்கொண்டிருக்க, அது பாட்டுக்குக் குதிரைமசால் புல்லை மென்றது. பந்தயத்தில் ஒருநாளும் முதல் நாலுக்குள் வராத, காயடித்த குதிரை. அதன் ரத்தம் எந்தக் குதிரையின் ரத்தத்தோடும் சண்டை போடாது என்று பரிசோதனையில் தெரிந்ததால் போன வருஷம் பண்ணைக்கு வாங்கி வந்திருந்தார்கள். மற்றபடி ஒரு வேலையும் கிடையாது. ஆட்கள் அதை வீட்டோட மாப்பிள்ளை என்பார்கள்.

எதிர்க் கொட்டடியில், மெத்தை மேல் லேடி என்கிற பெண்குதிரையின் குட்டி கிடந்தது. பிறந்து மூன்றாம் நாள். பிறந்த அன்று அரை மணி நேரத்தில் எழுந்து நின்றது. இப்போது ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டன. மூத்திரம் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் போனது. கொண்டிபா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பண்ணையில் குட்டி இறக்குகிறவன் அவன்தான்.

"டாக்டர், பாலைக் குடிச்ச பிறகுதான் இப்படி ஆச்சு. பால்ல என்ன வந்துது?"

டாக்டர் பிங்கே நிரம்பிய ரத்தப் பையைக் குட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷம் முந்தி லேடிக்கு வேற குதிரை ரத்தம் ஏத்தினோம்ல? அதுலேருந்து அவ உடம்பு அந்த ஜாதி ரத்தத்தை எதிரியா நினைச்சுக்கிச்சு. இந்தக் குட்டிக்கு அப்பன் வழியில அதே ஜாதி ரத்தம். வயித்துல இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சீம்பால்லதான் அந்த விஷம் இறங்கும். ரெண்டு நாள் குட்டி வாயைக் கட்டிப்போட்டு, வேற குதிரையோட சீம்பாலைக் குடுத்திருந்தா துள்ளிக்கிட்டு இருக்கும்."

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்துக்குள் தாய் மடியில் வாய் வைக்க வேண்டும் என்பது பண்ணைச் சட்டம். அந்தச் சின்ன வாயைப் பிடித்து, காம்பைத் தேடி வைத்தது கொண்டிபாவின் கைதான். அது சப்புக்கொட்டியதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

"வாயைக் கட்டணும்னு யாரும் சொல்லலையே டாக்டர்."

"நான் அன்னிக்கே சொன்னேனே."

மேனேஜர் மேஜர் ரணதிவே கொட்டடிக் கதவில் சாய்ந்து நின்றார். பட்டாளத்தில் குதிரைப் பிரிவில் இருந்தவர். அங்கே அவர் போட்ட சண்டையெல்லாம் புல் காண்டிராக்டர்களோடுதான் என்று பேச்சு. "உன் முன்னாலதானேடா சொன்னார்? அன்னிக்கு ரத்த பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னது யாரு?"

அது உண்மைதான். அப்போது பாபு வரவில்லை. போன பேற்றில் லேடிக்கு உதிரம் நிற்காமல் போக, கைக்குக் கிடைத்தது மேஜரின் சவாரிக் குதிரை. அதன் ரத்தத்தைப் பிடித்து ஏற்றினார்கள். கொண்டிபா இரண்டு மணி நேரம் கையை உயர்த்தி பாட்டிலைப் பிடித்திருந்தான். அவன் தலைக்கு மேலே டாக்டரும் மேஜரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். மேஜர் தலையாட்டினார். பிறகு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

"இங்கிலீஷ்ல பேசினீங்க, சாகேப்."

"எதுல பேசினா என்னடா? அங்க நின்னியா இல்லையா?"

டாக்டர் குழாயை விரலால் சுண்டினார். சொட்டு ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் வெகுநேரம் சுண்டிக்கொண்டே இருந்தார்.

மேஜர் அவனைத் தீவனக் கிடங்குப் பக்கம் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கை அவன் தோளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு மும்பையிலேருந்து முதலாளி சேட் வர்றார். வாயைக் கட்ட மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ரெண்டு நிமிஷம் கத்துவார், அவ்வளவுதான். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

பண்ணை கொடுத்த ஒற்றை அறையில் ரக்மா சோள மாவில் பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"அவன் துப்புறதுக்கு உன் வாயா கிடைச்சுது?"

"உஷாவுக்குப் பத்தாவது பரீட்சை. இன்னும் பத்து நாள். இப்ப ரூமைப் புடுங்கிட்டா எங்க போறது? பொண்ணு எங்க உக்காந்து படிப்பா?"

"யோவ், ஒத்துக்கலேன்னா உன்னை விரட்ட அவனுங்க ஒரு காரணம் தேடணும். ஒத்துக்கிட்டா நீயே எடுத்துக் குடுத்த மாதிரி."

"மேஜர் வாக்குக் குடுத்திருக்கார் ரக்மா."

"ஆமா, பெரிய வாக்கு! இங்கிலீஷ்ல பேரு வெச்ச குதிரைதானே, லேடிக்கிட்டயே சொல்லியிருக்கலாம். அது கேட்டு நடந்திருக்கும்." அவள் பாக்ரியைத் தட்டில் போட்ட வேகத்தில் அது உடைந்தது. "தின்னுட்டுப் போய் அந்தக் குட்டியைப் பாரு. அது என்ன பாவம் பண்ணிச்சு."

மறுநாள் காலையில் குட்டியின் கண்ணில் மஞ்சள் கொஞ்சம் குறைந்திருந்தது. பாலும் குடித்தது. பதினோரு மணிக்குச் சேட் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். சாணம் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார்.

"நான்தான் மறந்துட்டேன், சேட்" என்றான் கொண்டிபா.

சேட் கத்தவில்லை. குதிரைக்கு வயது கேட்பதுபோல மேஜரிடம் கேட்டார். "இவன் எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு, சார்."

"போதும். சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"இவனை அனுப்பிடலாமான்னு நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன், சார்" என்றார் மேஜர்.

கொண்டிபா மேஜரைப் பார்த்தான். மேஜர் கூரையைப் பார்த்தார்.

"சேட், பொண்ணுக்குப் பரீட்சை..."

சேட் அதற்குள் பாபுவிடம் போயிருந்தார். கேரட்டை நீட்டி அதன் நெற்றியைத் தடவினார். "தங்கம்! உயிரைக் காப்பாத்திட்டானே. வெயில் ஆரம்பிச்சாச்சு மேஜர், இவனுக்கு ஒரு ஃபேன் மாட்டுங்க."

மூன்று மணி வெயிலில் ரக்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். உஷா புத்தகங்களை மட்டும் தனியாக ஒரு துணியில் கட்டினாள். அப்போது கொட்டடியிலிருந்து மேஜரின் குரல் வந்தது. சேட்டுக்குப் போட்டோ வேண்டுமாம். குட்டி நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு பேர் தூக்கிப் பார்த்தும் மடிந்து மடிந்து விழுகிறது.

"போகாத" என்றாள் ரக்மா.

"கண்ட இடத்துல பிடிச்சுத் தூக்குவாங்க. நரம்பு கிழிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

குட்டியின் மறுபக்கம், படத்தில் தெரியாதபடி குந்தி, ஒரு கையை வயிற்றுக்கு அடியிலும் தோளை விலாவுக்குப் பக்கத்திலும் கொடுத்தான். குட்டி அவன் வாசனையை மோந்துவிட்டு எழுந்து நின்றது. சேட் அதன் கழுத்தில் கை வைத்தார். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் மேஜர். பின்னால் சாமந்தி மாலையோடு பாபு. எதிரில் பண்ணை ஆள் ஒருவன் சேட்டின் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"கொண்டிபா, தலை தெரியுது. இன்னும் குனி."

குனிந்தான்.

எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துச் சேட் சிரித்தார். "என்னய்யா இது, குட்டிக்கு ஆறு காலு!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அந்த ரெண்டை அழிச்சுடலாம் சார். போன்லயே முடியும்."

மூன்று பேரும் படத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. விட்டால் குட்டி விழுந்துவிடும். கொண்டிபா குனிந்தபடியே அதைத் தாங்கிக்கொண்டிருந்தான்.