பச்சை வார் செருப்பு

ஜெசிந்தா விழுந்து இறந்த வீடியோவை அனுப்பியவர்களின் வாசலில், பதினோராம் நாள் காலையிலிருந்து பச்சை வார் வைத்த பெண்கள் செருப்பு கிடந்தது. எல்லாம் இடதுகால். எல்லாம் ஆறாம் அளவு. ஒருவருக்கு அனுப்பியவர் வாசலில் ஒன்று, நாற்பது பேருக்கு அனுப்பியவர் வாசலில் நாற்பது. விழுப்புரம் சந்தைக்கு அன்று மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வரத்து அதிகம். வெயில் நூற்று மூன்று டிகிரி.

வீடியோ இருபத்திரண்டு விநாடி. விக்கிரவாண்டியில் சாலையோரம் பரோட்டாக் கடை வைத்திருக்கும் தாண்டவராயன், போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துத் தன் புதுப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திண்டிவனத்துக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும் ஜெசிந்தா ஸ்கூட்டரில் அந்தப் படத்துக்குள் வந்தாள். முதல் நான்கு விநாடி, இடது கையால் துப்பட்டாவை இடுப்பில் செருகியபடி ஓட்டினாள். ஐந்தாவது விநாடியில் லாரியிலிருந்து பறந்துவந்த தார்ப்பாய் அவள் முகத்தை மூடியது. தாண்டவராயன் ஓடிப்போய்த் தூக்கினார், ஆம்புலன்சில் கூடவே போனார். மாலையில் கடைக்கு வந்த ஒருவர் கேட்டதால் வீடியோவை அவருக்கு மட்டும் அனுப்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மற்றவர்களும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஜெசிந்தாவின் அண்ணன் ஆரோக்கியராஜ், மெழுகுவர்த்திப் படமும் சோக இசையும் சேர்த்து, ‘தங்கைக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பினார். சிலர் ‘ஹெல்மெட் போடுங்கள்’ என்று எழுதி அனுப்பினார்கள். அவள் ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தாள். உள்ளூர்ச் செய்திப் பக்கம் நடத்தும் வல்லரசு, எங்கே பார்க்க வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்டான். பெரும்பாலோர் அனுப்பியதற்குக் காரணம் வேறு. பார்த்துவிட்டார்கள், தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஜெசிந்தாவின் கணவன் அலெக்ஸ் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். அவனுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஏழு வயது மகள் இசைவாணி, முகையூரில் பட்டன் போன் மட்டும் உள்ள அத்தை வீட்டில் இருந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது திரும்பிவருவாள். அதற்குள் எந்தப் போனிலும் அந்த வீடியோ இருக்கக் கூடாது.

ஆரோக்கியராஜ் வீட்டு வாசலில் நூற்றுப்பன்னிரண்டு செருப்புகள் வந்தன. விடிந்தும் விடியாமலும் கதவைத் திறந்தவர் முதலில் படியில் கிடந்த ஒன்றைத்தான் பார்த்தார்.

“யாரோ பொம்பள வந்துகிறாங்க. டீ போடு ஜெயம்.”

அவர் மனைவி ஜெயம் எட்டிப் பார்த்தாள். “ஆளக் காணோம். ஒத்தச் செருப்பு கெடக்குது. நொண்டி அடிச்சிக்கினா வந்தாங்க?” என்றவள் வாரைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தாவோடு போய் அவள்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஆரோக்கியராஜ் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நின்றார். “பாசத்துலதான் போட்டேன் மச்சான்.”

“தெரியும். பாப்பா ஜூன்ல வர்றா” என்றான் அலெக்ஸ்.

செருப்புகளைக் குப்பையில் போட்டவர்கள் திரும்பி வருவதற்குள் அவை வாசலுக்கு வந்திருந்தன. தென்பெண்ணை ஆற்றில் எறிந்தவை ஈரமில்லாமல் வந்தன. நாய்கள் அவற்றைத் தொடவில்லை. அனுப்பியவர் தன் போனில் அழித்தாலும் ஒன்றும் குறையவில்லை. திண்டிவனத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு ஜெயம் நேரில் போய், எதிரே உட்கார்ந்து அழிக்கவைத்த பிறகுதான் ஒன்று குறைந்தது. அது ஊருக்குத் தெரிய அரை நாள் ஆனது. அந்த வீடியோ பரவ எடுத்துக்கொண்டதும் அதே அரை நாள்.

பிறகு மக்கள் நடந்தார்கள். மே மாதம் முழுக்க விழுப்புரம் திண்டிவனம் பேருந்துகளில் மஞ்சள் பையில் இடதுகால் செருப்போடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. வல்லரசுக்கு ஆறாயிரம் செருப்பு. கதவு திறக்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியே வந்தான். முதலில் நேரலையில் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். ஒன்றுகூடக் குறையவில்லை. திருவாமாத்தூரில் ஒரு பெண், “அன்னிக்கு வட்டம் போட்டுக் காட்னியே, இன்னிக்கு எந்த எடத்துல அழிக்கணும், அதுக்கும் வட்டம் போடு” என்றாள். அவன் தலைகுனிந்து இடத்தைக் காட்டினான். அழிக்கவந்த யாரும் வெளியேறும்போது ‘வர்றேன்’ என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. அந்த மாதம் ஆயிரக்கணக்கான வீடுகள் சாவு வீடாக இருந்தன, ஒரே பெண்ணுக்கு.

மே முப்பதாம் தேதி தாண்டவராயன் அலெக்ஸ் வீட்டுக்கு வந்தார். அவர் வாசலில் செருப்பு எதுவும் முளைக்கவில்லை. ஜெசிந்தா போட்டிருந்த உண்மையான இடதுகால் செருப்பே அவரிடம் இருந்தது. விபத்தன்று எடுத்துக் கடைக் கூரையில் வைத்திருந்தார். அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அலெக்ஸ் முன்னால் தன் போனில் இருந்ததை அழித்தார்.

“எல்லாம் தீந்துச்சின்னாங்க. ஒங்க வாசல்லயும் ஒண்ணு கெடக்குதே தம்பி.”

அலெக்ஸிடமும் அந்த வீடியோ இருந்தது. அழிந்துவிடக் கூடாது என்று தன்னுடைய இன்னொரு எண்ணுக்கு அவன் அனுப்பிவைத்திருந்தான். அசையும் ஜெசிந்தா அவனிடம் வேறு இல்லை. எல்லாப் படங்களிலும் அவள் அசையாமல் நின்றாள்.

“நாலு செகண்டு இருக்குதுண்ணே. நல்லா இருக்கிறா அதுல.”

“பல தடவ பாத்துகிறேன்” என்றார் தாண்டவராயன். “நானும் அந்த நாலு செகண்டத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

அலெக்ஸ் இரண்டு போன்களையும் எடுத்தான். நான்கு விநாடி பார்த்தான். ஐந்தாவதுக்கு முன்னால் நிறுத்தி இரண்டிலும் அழித்தான். வாசலில் இருந்த செருப்பு போயிற்று. தாண்டவராயன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். அவர் கொண்டுவந்ததை, மருத்துவமனையில் கொடுத்த வலதுகால் செருப்போடு சேர்த்துக் கதவருகில் வைத்தான் அலெக்ஸ்.

ஊருக்கு வெளியே, யாரும் அனுப்பாமல் வல்லரசின் பக்கத்திலிருந்து தாங்களே எடுத்துக்கொண்ட முகம் தெரியாதவர்களிடம் இன்னும் பிரதிகள் இருந்தன. அவை அன்று முதல் மாறிவிட்டன. தார்ப்பாய் வருவதில்லை. ஜெசிந்தா துப்பட்டாவைச் செருகிக்கொண்டு நான்கு விநாடி ஓட்டி, திண்டிவனம் பக்கமாகப் படத்தை விட்டு வெளியே போகிறாள். மீதி பதினெட்டு விநாடி சாலை. ஒரு பேருந்து, இரண்டு லாரி, கொஞ்சம் தூசி. அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்ப அதில் ஒன்றுமில்லை.

ஜூலையில் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘உங்கம்மா வீடியோ’ என்று சொல்லி இசைவாணியிடம் அதைக் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் இசைவாணி அப்பாவின் போனில் இணையத்தில் தேடி அதை எடுத்தாள். இருவரும் கடைசிவரை பார்த்தார்கள்.

“இன்னாப்பா இது. அம்மா வேலைக்குத்தான போறாங்க?”

“ஆமா” என்றான் அலெக்ஸ். “லேட்டாயிடுச்சி அன்னிக்கு.”

இசைவாணி இன்னொரு முறை போட்டாள். ஜெசிந்தா இன்னொரு முறை சரியாகப் போய்ச் சேர்ந்தாள்.