கடலை எண்ணெய் சோப்பும் இரண்டு துறைகளும்

வியாழக்கிழமை பகல் பதினொன்றேகால். மாலைக்குள் வளர்மதி ஓர் எண்ணிக்கையை அனுப்பியாக வேண்டும்.

கல்லூரிகளில் எழுத்துப் பயிற்சி எத்தனை துறைகளில் நடக்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் கணக்கெடுத்தது. செஞ்சிக் கல்லூரியில் ஒரே துறைதான். வளர்மதியின் தமிழ்த் துறை.

"ஒண்ணுன்னா அது தமிழ் கிளாஸ்தானே மேடம். எழுத்துப் பயிற்சின்னு தனியா எதுக்கு? அடுத்த பருவத்துல நிறுத்திடலாம்" என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

இன்னொரு துறை சேருமா என்று கேட்க வளர்மதி வேதியியல் துறைக்குப் போனாள். துறைத் தலைவர் ஜகபர் அலி சிரித்தார்.

"எங்க புள்ளைங்க எழுதாமயா பாஸ் பண்றாங்க? வாங்க, காட்டறேன்."

கல்லூரி வாசலில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, அவருடைய மாணவி எழில் மேசை போட்டிருந்தாள். மேசை மேல் மாணவிகள் செய்த கடலை எண்ணெய் சோப்பு. காலையிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை.

சிங்கவரம் பஸ்ஸுக்கு நின்ற ஜெயக்கொடி உறையைப் படித்தாள். "சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் எண்ணெயுடன் வினைபுரியச் செய்யப்பட்டது."

"இது குளிக்கவா, எலிக்கு வைக்கவா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜகபர் அலி கண்ணாடியைத் துடைத்தார்.

வளர்மதி தன் மாணவி அனுவைக் கூப்பிட்டாள். அனு புதுத் தாளில் எழுதினாள். "வெண்முகில் நுரையே, மேனி தழுவ வா."

"யாருக்குக் கல்யாணம்?" என்றாள் ஜெயக்கொடி.

இப்போது ஜகபர் அலி சத்தமாகச் சிரித்தார். வளர்மதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க" என்றாள் மாணவிகளிடம்.

எழில் முறைத்தாள். அனு ஒரு சோப்பை முகர்ந்தாள்.

"இதுல அந்த ஹைட்ராக்சைடு காரம் இன்னும் இருக்குதா?"

"இல்லடி. எண்ணெயோட சேந்து சோப்பா மாறிடுச்சு. ஒரு மாசம் காய வெச்சோம். டெஸ்ட் பண்ணிட்டுதான் வெளிய எடுத்தோம்."

"அத எழுதேன்."

"அதெல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்க."

"அந்தக்கா கேக்கறாங்க இல்ல?"

எழில் எழுதினாள். அனு பாதியை அடித்தாள். எழில் ஒரு சொல்லை விடமாட்டேன் என்றாள், சண்டை வந்தது, தாள் கிழிந்தது. கடைசியில் மூன்று வரி நின்றது.

"கடலை எண்ணெயில் செய்த குளியல் சோப்பு. ஒரு மாதம் காயவைத்துச் சோதித்தது. கண்ணில் பட்டால் எரியும்."

"எரியும்னு போட்டா யாரு வாங்குவா?" என்றார் ஜகபர் அலி.

"எல்லா சோப்பும்தான் எரியுது. இதுதான் சொல்லுது" என்று ஜெயக்கொடி இரண்டு எடுத்தாள். பஸ் வருவதற்குள் இன்னும் நாலைந்து பேர் எடுத்தார்கள். எழில் மீதி உறைகளையும் மாற்ற உட்கார்ந்துவிட்டாள்.

வளர்மதி போனைக் கையில் எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் கேள்விக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

ஜகபர் அலி எட்டிப் பார்த்தார்.

"ரெண்டுன்னு போடுங்க மேடம். ஆனா இவங்க சேந்து எழுதற கிளாஸ யாரு பீரியட்ல வெக்கறது?"