துடைத்துவிட்ட எண்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அக்கா சொன்னாள், நான் சுட்டுவிட்டேன். அவள் தையல் கூடத்தில் காலர் தைப்பவள். வீட்டில் நடுப்பிள்ளை. அண்ணனுக்குப் புதுச்சட்டை, கடைக்குட்டி எனக்குச் செல்லம், அவளுக்கு "நீ கொஞ்சம் பொறு." அவளைப் பற்றி எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

முதல் தொடக்கம்: மின்னலைப் போல அவள் விரல்கள்...

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியதும் கையை ஓங்கினாள். "மின்னல்னு எங்க வரிசையில வேற ஒருத்தி இருக்கா. அவ வேகத்தை எனக்குக் குடுக்காதே. கணக்கே கெட்டுடும்.")

2

வரிசையில் ஏழு பேர். ஒரு நாள் காலை சூப்பர்வைசர் ஒரு மணி நேரச் சோதனை வைத்தார். ஏழு பேரின் சராசரியைவிடப் பத்துக்கு மேல் குறைவாகத் தைப்பவர் நூல் பிசிறு வெட்டும் மேசைக்குப் போக வேண்டும். அங்கே போனவர்கள் மெஷினுக்குத் திரும்பியதில்லை. எல்லோரும் ஒருத்தியைத்தான் பார்த்தார்கள். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து ஒரு வாரமே ஆனவள் அவள்.

"மின்னல் ஓடுறதுக்கு நாங்க ஏன் சார் மூச்சு வாங்கணும்?" என்றாள் அக்கா. "எண்களைச் சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் நிறுத்துங்க. சராசரிக்குப் பதிலா நடுவுல நிக்கிறதை எடுத்துக்குங்க."

அவர் ஒப்புக்கொண்டார்.*

* இவரை வில்லனாக்க ரொம்ப ஆசைப்பட்டேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை. ஏழால் வகுப்பதைவிட வரிசையாக எழுதுவது சுலபம் என்று பட்டிருக்கும்.

3

தைத்த காலருக்கெல்லாம் மெஷின் பலகையில் சாக்பீஸால் கோடு போடுவது அக்காவின் வழக்கம். மணி அடித்ததும் பலகையைத் துடைப்பதும் வழக்கம். அன்றும் துடைத்துவிட்டாள், எண்ணுவதற்கு முன்பே! காலர்களோ அதற்குள் காஜா போடும் மேசைக்குப் போய், நேற்றைய குவியலோடு கலந்துவிட்டன.

சுவரில் ஆறு எண்கள் ஏறின: 30, 34, 36, 40, 41, 68. முப்பது, மணிக்கட்டுக்காரியுடையது.

"உன் எண் இல்லாம நடுவை எப்படிம்மா பாக்குறது? பூஜ்யம்தான் போடணும்," என்றார் சூப்பர்வைசர்.

"போடுங்க சார். பூஜ்யம் போட்டா நான் கடைசி, நடுவுல முப்பத்தாறு நிக்கும். நூறு போட்டா நான் முதல், நடுவுல நாப்பது. வேற எதைப் போட்டாலும் நடு இந்த ரெண்டுக்குள்ளதான் சுத்தும். நாப்பதே வந்தாலும் முப்பது தைச்ச இவ பத்துதான் குறைவு. பத்துக்கு மேல இல்ல. இவ எங்கயும் போக வேண்டாம்."

மணிக்கட்டுக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா, பூஜ்யம் போட்டா நீங்க போயிடுவீங்களே?"

"அது தெரியாமலா பேசுறேன்? முதல்ல நீ உக்காரு."

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் மேசை மேல் ஏறிக் கைதட்டியிருப்பேன்.

4

முடிவு ஒன்று: மின்னல் எழுந்து, "நான் எண்ணினேன் சார், அவங்க முப்பத்தெட்டு" என்கிறாள். (நம்புவீர்களா? அறுபத்தெட்டு தைத்தவளுக்கு அடுத்த மெஷினை எண்ண ஏது நேரம்?)

முடிவு இரண்டு: அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பிசிறு மேசையை நோக்கி

(எழுத வரவில்லை. அவள் என் அக்கா.)

"கடைசியில என்னதான் எழுதினாரு?" என்று கேட்டேன்.

"உன் கதையைப் படிக்கிறவங்களைப் போடச் சொல்லு," என்றாள். "எதைப் போட்டாலும் அவ இடம் அசையாது. எனக்கு அது போதும்."

சரி, சாக்பீஸைப் பிடியுங்கள்.

30, 34, 36, 40, 41, 68, ____

மணிக்கட்டுக்காரியை நினைத்துப் பயப்பட வேண்டாம், அவளை அக்கா உட்கார வைத்தாயிற்று. நீங்கள் போடும் எண் அக்காவுக்கு மட்டும்தான். இருபத்தாறு போட்டால்கூடப் போதும், அவளும் தன் மெஷினில் இருப்பாள்.

அதற்குக் கீழே போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.